அவசரப் பைக்குள் கைத்துப்பாக்கி வைக்கலாமா?

ஆனையூரான் | ஞாயிறு, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

2024 அக்டோபர் 25 மதியம் மதுரையில் கால் மணி நேரத்தில் நாலரை சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அன்றைக்கு எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். அம்மாவைக் கைத்தாங்கலாகப் பக்கத்து வீட்டு மாடிக்குக் கூட்டிப்போனேன். மேலே போய்ப் பார்த்தால் என் கையில் டிவி ரிமோட் இருக்கிறது. அம்மாவின் இன்சுலின், ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம் எல்லாம் கீழே. டிவியும் போய்விட்டது, ரிமோட் மட்டும் இன்றைக்கும் நன்றாக இருக்கிறது.

தண்ணீர் வடிவதற்குள் தெருவில் பூட்டிக் கிடந்த இரண்டு வீடுகளில் பித்தளைப் பாத்திரங்களைத் தூக்கிவிட்டார்கள். தேனூரில் எங்களுக்குச் சின்னத் தென்னந்தோப்பு உண்டு. அங்கேயும் மோட்டார் கேபிளை இரண்டு தடவை அறுத்துக்கொண்டு போனார்கள்.

அதனால் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். ஓர் அவசரப் பை, அதன் பக்கவாட்டு ஜிப்பில் கைக்கு அடக்கமான ஒரு துப்பாக்கி. பையை மாட்டினால் எல்லாம் கூடவே வந்துவிடும். ஒன்றரை லட்சம் வரை செலவு செய்யத் தயார். ரிவால்வரா, பிஸ்டலா? வீடியோக்களில் காட்டுகிற 9 எம்.எம். இங்கே கிடைக்குமா? லைசென்ஸ் யாரிடம் கேட்பது? தாத்தாவின் 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று, அவர் போனபின் ஸ்டேஷனில் ஒப்படைத்தது அப்படியே கிடக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய சுபேதார் | ஞாயிறு, இரவு 10:25

தம்பி, ரிமோட்டுக்கு வெட்கப்படாதே. பதறும்போது கை எது அகப்படுகிறதோ அதைத்தான் பிடிக்கும். அன்றைக்கு அந்தக் கையில் துப்பாக்கி அகப்பட்டிருந்தால் என்று மட்டும் ஒரு நிமிடம் யோசித்துப் பார்.

நான் 26 வருடம் பட்டாளத்தில் இருந்தவன். இப்போது ஒரு வங்கி வாசலில் 12 போரோடு நிற்கிறேன். துப்பாக்கியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பைக்குள் வேண்டாம் என்கிறேன். பை எதற்கு இருக்கிறது? அம்மாவைத் தூக்கும்போது அதை மனைவியிடம் கொடுப்பாய். படகில் ஏறும்போது முதலில் பையைத்தான் உள்ளே வீசுவாய். முகாமில் தலைக்கு வைத்துத் தூங்குவாய், கக்கூஸுக்குப் போகும்போது பக்கத்தில் படுத்திருப்பவரிடம் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்பாய். இதில் எந்த இடத்திலும் துப்பாக்கியைக் கைமாற்ற முடியாது. லைசென்ஸ் உன் பேரில் மட்டும்தான் இருக்கும். அந்தப் பையை மாட்டிக்கொண்டு உன் மனைவி நாலு எட்டு நடந்தால், லைசென்ஸ் இல்லாத ஆளிடம் ஆயுதம் என்றுதான் சட்டம் பார்க்கும்.

அப்புறம் அந்த ஜிப். அதற்குள்தான் சாவிக்கொத்தும் சார்ஜர் வயரும் கிடக்கும். ஏதாவது ஒன்று டிரிகருக்குள் நுழைந்தால் போதும். துப்பாக்கி ஒன்று இடுப்பில், டிரிகரை மூடுகிற உறைக்குள் இருக்கணும். இல்லையென்றால் பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் இருக்கணும்.

ஆனையூரான் | ஞாயிறு, இரவு 10:50

மனைவி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை ஐயா. சரி, இடுப்பிலேயே வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் எதை வாங்குவது?

தோட்டாக் கணக்கன் | திங்கள், காலை 7:10

ஆயுதக் கடை ஒன்றில் 19 வருடம் ரிஜிஸ்டர் எழுதியவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

9 எம்.எம்.மை மறந்துவிடுங்கள். நம் நாட்டில் அது தடை செய்யப்பட்ட ரகம், சாதாரண ஆளுக்குக் கிடையாது. நமக்கு நடைமுறையில் இருப்பது பாயிண்ட் 32, அதாவது அங்குலக் கணக்கில் குழல் அளவு. கடையில் வரும் குழப்பத்தில் பாதி இந்தப் பெயரால்தான் வரும். ரிவால்வருக்கான 32 வேறு, பிஸ்டலுக்கான 32 வேறு. முன்னது 32 லாங், நீளமானது, அடியில் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். பின்னது 32 ஏ.சி.பி., குட்டை. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட முடியாது. சொந்தக்காரர் ஒருவர் ஆசையாகக் கொடுத்தார் என்று தோட்டாவை வாங்கி வைத்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதுவே ஒரு குற்றம் என்பது வேறு கதை.

கைக்கு அடக்கம் என்றால் பலரும் கேட்பது நிர்பீக் ரிவால்வர். கான்பூரில் அரசுத் தொழிற்சாலை 2014-இல் கொண்டுவந்தது. ஆறு குண்டு, எடை அரை கிலோ, வந்த புதிதில் விலை 1 லட்சத்து 22 ஆயிரம் சொச்சம். பெண்களின் கைப்பைக்கு என்றே விளம்பரம் செய்தார்கள். சுபேதார் ஐயா சொன்னதைப் படித்தபின் அந்த விளம்பரத்தை நினைத்தால் எனக்கு என்னவோ போல் இருக்கிறது. பிஸ்டல் வேண்டுமென்றால் அரசுத் தயாரிப்பில் அசானி இருக்கிறது.

என் கட்சி ரிவால்வர். முதல் தடவை வாங்குகிறவருக்கு அதுதான் சரி. உருளையைத் திறந்தால் உள்ளே குண்டு இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துவிடலாம். ஒன்று வெடிக்காவிட்டால் மறுபடி இழுத்தால் அடுத்தது வரும். பிஸ்டல் தட்டை, இடுப்பில் துருத்தாது, அது உண்மை. ஆனால் மேகசினை, அதாவது குண்டு அடுக்கும் கூட்டை, கழற்றியபின்னும் குழலுக்குள் ஒரு குண்டு உட்கார்ந்திருக்கும். “காலி” என்று நினைத்துச் சுட்டுக்கொண்டவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு குண்டை மறந்தவர்கள்தான். மேல்பகுதியைப் பின்னால் இழுக்கக் கையில் பலமும் வேண்டும், கடையில் பலர் பாதி இழுத்துவிட்டு நிற்பார்கள்.

சின்னது என்றால் சுலபம் என்று நினைக்காதீர்கள். குழல் குட்டையானால் குறி பார்க்கும் இரண்டு புள்ளிகளும் கிட்டக்கிட்ட வந்துவிடும். கை துளி நகர்ந்தாலும் குண்டு எங்கேயோ போகும். எடை குறைந்தால் உதைப்பு கூடும். தாத்தாவின் இரட்டைக்குழலை வைத்து 20 அடியில் சுரைக்காயை அடித்துவிடலாம். இதை வைத்து அடிக்க மாதக்கணக்கில் பழக வேண்டும், அதற்கு ரைபிள் கிளப் வேண்டும், தோட்டா வேண்டும். தோட்டாவோ லைசென்ஸில் எழுதிய எண்ணிக்கைக்கு மேல் ஒன்றுகூட வாங்க முடியாது.

லைசென்ஸுக்கு, ஆனையூர் மாநகரக் காவலுக்குள் வருவதால் நீங்கள் போக வேண்டியது போலீஸ் கமிஷனர் அலுவலகம். தேனூர் முகவரி என்றால் கலெக்டர் அலுவலகம். 2016 ஆயுத விதிகளின்படி ஏ-1 படிவம், பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ், வீட்டில் எங்கே பூட்டி வைப்பீர்கள் என்ற விவரம், எல்லாம் கேட்பார்கள். ஸ்டேஷனிலிருந்து விசாரணை வரும். மனு போட்டவருக்கெல்லாம் கொடுத்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 2019 ஆயுதச் சட்டத் திருத்தத்துக்குப் பின் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான் உச்சம், லைசென்ஸ் ஐந்து வருடத்துக்கு. தாத்தாவுடையதை வாரிசு என்ற முறையில் கேட்டால் அதுவும் அந்த இரண்டில் ஒன்று. உங்கள் இடத்தில் நான் இருந்தால் அதைத்தான் முதலில் கேட்டுப் பார்ப்பேன்.

இன்னொன்று. தோல் உறை பார்க்க அழகு, ஆனால் மழைக்காலத்தில் துப்பாக்கியை அதற்குள்ளேயே வைத்துப் பூட்டாதீர்கள். தோல் ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும், ஒரே மாதத்தில் துரு பூத்துவிடும். எண்ணெய்த் துணியால் துடைத்துத் தனியாக வையுங்கள். நனைந்த தோட்டாவை வெயிலில் காயவைத்துப் பயன்படுத்துவது என்ற பேச்சே கூடாது.

மின்னல் | திங்கள், காலை 11:32

இவ்வளவு அலைச்சல் எதுக்குண்ணே? எங்க பக்கம் ஒரு ஆள் [நீக்கப்பட்டது]

மட்டுறுத்துநர் | திங்கள், காலை 11:40

கள்ளத் துப்பாக்கிக்கு வழி சொல்லும் பதிவுகளுக்கு இங்கே இடமில்லை. அடுத்த முறை கணக்கு முடக்கப்படும்.

மின்னல் | திங்கள், மதியம் 12:05

சரி சரி, மன்னிச்சுக்கோங்க. திருப்பாச்சேத்தி அருவாள் ஒண்ணைப் பையில போட்டுக்கலாம்ல? அதுக்குமா லைசென்ஸ்?

தோட்டாக் கணக்கன் | திங்கள், மதியம் 12:48

கிண்டலாகக் கேட்டாலும் கேள்வி நல்ல கேள்விதான். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள வெட்டுக்கருவிகளும் ஆயுத விதிகளில் வருகின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் உள்ளவற்றுக்கு விலக்கு உண்டு. தோப்பில் மட்டை வெட்டும்போது அருவாள் விவசாயக் கருவி. ராத்திரி பத்து மணிக்குத் தல்லாகுளத்தில் முதுகுப்பையைத் திறக்கச் சொல்லும்போது அது என்ன கருவி என்பதை நீங்கள்தான் விளக்கணும். பைக்கு ஒரு சின்ன மடக்குக் கத்தி போதும், கயிறு அறுக்க, பிளாஸ்டர் வெட்ட.

ஒத்தக்கடை வக்கீல் | திங்கள், மாலை 6:15

கேபிள் திருட்டைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் இதை எழுதுகிறேன்.

ஆனையூர் நண்பரே, தோப்பில் ஒருவன் கேபிளை அறுத்துக்கொண்டு ஓடுகிறான், நீங்கள் சுடுகிறீர்கள், அவன் விழுகிறான். அடுத்த காட்சியில் குற்றவாளிக் கூண்டில் நிற்பது நீங்கள். தற்காப்பு உரிமை முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையான பிரிவுகளில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை. சொத்தைக் காக்க உயிரை எடுக்கும் அளவுக்குப் போகலாம் என்பது கொள்ளை, இரவில் வீடு புகுதல், குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைத்தல், உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அஞ்ச வேண்டிய நிலையில் நடக்கும் திருட்டு என்று சிலவற்றுக்குத்தான். வெறும் கேபிள் திருட்டு இதில் வராது. வருகிற இடத்திலும் தேவைக்கு மேல் ஒரு துளி தீங்கு செய்தாலும் கேள்வி வரும். ஆளில்லாத வீட்டில் போன பித்தளை அண்டாவுக்கும் இதே கதைதான், அங்கே சுட நீங்களே இருந்திருக்க மாட்டீர்கள்.

தேர்தல் அறிவிப்பு வந்தால் ஆயுதத்தை ஒப்படைக்கச் சொல்லி ஆள் வரும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளத்திலும் அதையே செய்யலாம். நிவாரண முகாம் என்றால் பெரும்பாலும் ஒரு பள்ளிக்கூடம், ஒரே கூடத்தில் நூறு பேர், ஓடி விளையாடும் பிள்ளைகள். அங்கே இடுப்பில் துப்பாக்கியோடு எத்தனை ராத்திரி விழித்திருப்பீர்கள்? எச்சரிக்கை வந்ததுமே ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டால் நிம்மதி. அந்த ரசீதைப் பையில் வையுங்கள். பைக்குள் போக வேண்டிய துப்பாக்கிச் சாமான் அது ஒன்றுதான்.

ஆனையூரான் | திங்கள், இரவு 9:05

வக்கீல் சார், கேபிளுக்குக் கம்பி வேலியும் ஒரு கேமராவும் போட எவ்வளவு ஆகும் என்று இன்றைக்கே கேட்டுவிட்டேன். நிர்பீக்கில் கால்வாசிகூட வராது. தாத்தா துப்பாக்கிக்கு மனு போடுகிறேன், வந்தால் வரட்டும். இப்போது பையைப் பற்றிச் சொல்லுங்கள்.

செந்தூர் பயணி | திங்கள், இரவு 10:20

தம்பி, 2023 டிசம்பர் 17 ராத்திரி திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றதே, அதில் இருந்த சுமார் 800 பேரில் நானும் ஒருத்தி. அந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை. தண்டவாளத்துக்கு அடியில் மண்ணே இல்லை, கம்பி மட்டும் தொங்கியது. ஊசி போட்டுக்கொள்கிற பெரியவர்களும் கைக்குழந்தைக்காரர்களும்தான் தவித்துப்போனார்கள். பக்கத்துக் கிராமத்துச் சனங்கள் அந்தத் தண்ணீரிலும் சோறு ஆக்கிக் கொண்டுவந்தார்கள், அவர்கள் நல்லா இருக்கணும்.

என்னிடம் அப்போது இருந்தது பட்டுப்புடவை, விபூதிப் பொட்டலம், ஒரு பாட்டில் தண்ணீர். இல்லாதது எதுவென்று கேட்டால், முதலில் டார்ச். போனில் வெளிச்சம் போட்டே எல்லோரும் சார்ஜைத் தீர்த்தோம். இரண்டாவது, மனப்பாடமாக ஒரு போன் நம்பர்! மகள் நம்பர் எனக்குத் தெரியாது, போன் அணைந்ததும் அவளும் அணைந்துவிட்டாள். இப்போது ஒரு அட்டையில் எட்டு நம்பர் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டுப் பர்ஸில் வைத்திருக்கிறேன். மூன்றாவது சில்லறை. டவர் இல்லாத ஊரில் ஜிபே செய்ய முடியாது. பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாளாக ஆயிரம் ரூபாய் வையுங்கள், ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் மிச்சம் கொடுக்க யாரிடமும் இருக்காது. சொன்னால் சிரிப்பீர்கள், நாலாவது மாற்று உள்ளாடை. ஈரத்தோடு இரண்டு நாள் உட்கார்ந்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

ஊசிக்காரி | செவ்வாய், காலை 6:40

நைட் டியூட்டி முடித்து வந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் இன்சுலின்தான் உங்கள் பையில் முக்கியமான பொருள். அதை இப்போதே பையில் போட்டு மூடிவிடாதீர்கள், கெட்டுப்போகும். புது மருந்து ஃபிரிட்ஜில்தான் இருக்கணும், ஃபிரீசரில் அல்ல. பையில் காலியாக ஒரு சின்ன டப்பாவும், ஃபிரிட்ஜ் கதவில் “இன்சுலின் எடு” என்று ஒரு சீட்டும் போதும். திறந்து பயன்படுத்துகிற இன்சுலின் பெரும்பாலும் நாலு வாரம் வரை வெளியே தாங்கும், ஆனால் அது 25, 30 டிகிரிக்குள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தாங்காது. கரண்ட் இல்லாத இடத்தில் பானைக்குள் பானை வைத்து, நடுவில் ஈரமணல் போட்டு, மேலே ஈரத்துணி மூடுங்கள். மருந்து நேராகத் தண்ணீரில் படக் கூடாது. ஊசிகள், சர்க்கரை பார்க்கும் மிஷின், ஸ்ட்ரிப், தாழ்சர்க்கரைக்கு நாலு குளுக்கோஸ் பொட்டலம். டாக்டர் சீட்டின் நகல் ஒன்று கட்டாயம், கடைக்காரர் அதைப் பார்த்துத்தான் கொடுப்பார்.

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஐந்தாறு போடுங்கள். தீர்ந்துபோனால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இந்த அளவு மாறக் கூடாது, உப்பு கூடினால் ஆபத்து.

வெள்ளம் வடிகிற நேரம் பாம்பும் வரும். கடித்தால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் சிம்பு (தாங்குகுச்சி) வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். பெரியாஸ்பத்திரிக்கு வந்து சேருங்கள், விஷமுறிவு மருந்து இருக்கிறது. பாம்பை அடித்துப் பையில் போட்டுக்கொண்டு வர வேண்டாம். ஒருவர் கொண்டுவந்தார், அது சாகவில்லை.

மின்னல் | செவ்வாய், காலை 9:15

அக்கா, படிக்கவே குலை நடுங்குது. சின்ன கேஸ் அடுப்பு ஒண்ணு பையில வச்சா டீயாச்சும் போட்டுக்கலாம்ல?

பழைய சுபேதார் | செவ்வாய், காலை 9:50

மின்னல் தம்பி, 2023 ஆகஸ்ட் 26 விடிகாலை நம் மதுரை ரயில்நிலைய யார்டில் நின்ற சுற்றுலாப் பெட்டி எரிந்து 9 பேர் செத்தார்கள். உள்ளே சிலிண்டர் வைத்து டீ போட்டதுதான் காரணம். கூட்டத்துக்குள் கேஸ் வேண்டாம். பொரிகடலை, வெல்லம், கடலைமிட்டாய், அவல். தீயே தேவைப்படாத சாப்பாடு நம் ஊரில் எத்தனை இருக்கிறது!

கண்மாய்க்கரை | செவ்வாய், மாலை 4:30

எல்லோரும் பையில் என்ன என்று பேசுகிறீர்கள், எப்போது எடுப்பது என்று யாரும் சொல்லவில்லை.

தேனூர் தோப்புக்குக் கணக்கு எளிது. வைகை அணையின் முழுக்கொள்ளளவு 71 அடி. 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5-இல் இரண்டாவது, 69-இல் மூன்றாவது. முதல் எச்சரிக்கை கேட்டதும் மோட்டாரைக் கழற்றி மேட்டில் வைத்துவிடலாம், நேரம் இருக்கும்.

ஆனையூர் அப்படி இல்லை. உங்களுக்கு வருவது அணைத் தண்ணீர் அல்ல, கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்து, வாய்க்கால் அடைத்துத் திரும்புகிற தண்ணீர். செல்லூர், பந்தல்குடி வாய்க்கால் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இது தெரியும். அதற்குச் சங்கு ஊத மாட்டார்கள். தமிழக அரசின் டி.என். அலர்ட் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள், மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. ஆனால் அதையெல்லாம் விட நான் நம்புவது தெருமுனைச் சாக்கடை மூடியை. மழையில் தண்ணீர் அதற்குள் இறங்கினால் வீட்டில் இருக்கலாம். அதிலிருந்து மேலே வந்தால் பையை எடுத்துவிட வேண்டியதுதான், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு.

பையைக் கட்டிலுக்கு அடியில் வைக்காதீர்கள். முதலில் நனைவது அதுதான். வாசல் கதவுக்குப் பின்னால் ஆணியில், தோள் உயரத்துக்கு மாட்டுங்கள். பத்திரம், பட்டா, ஆதார் நகல்களை இரட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, காற்றை வெளியேற்றி முடிச்சுப் போடுங்கள். மூலப் பத்திரத்தைப் பையில் வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை, அது லாக்கரில் இருக்கட்டும்.

ஆனையூரான் | அடுத்த ஞாயிறு, இரவு 8:10

தாமதத்துக்கு மன்னிக்கணும். பை தயார். முதலில் எடை போட்டபோது 13 கிலோ. அம்மாவைத் தாங்கிக்கொண்டு அதையும் சுமந்து மாடிப்படி ஏறிப் பார்த்தேன், முடியவில்லை. தண்ணீரைப் பாதியாக்கி, குளோரின் மாத்திரை போட்டேன். போர்வைக்குப் பதில் இரண்டு வேட்டி. இப்போது 8 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. விசில் ஒன்று வெளியே தொங்குகிறது, மகன் நாள் முழுக்க ஊதுகிறான், அதை மட்டும் உள்ளே தள்ள வேண்டியிருக்கிறது.

நேற்று ஸ்டேஷனுக்குப் போய்த் தாத்தாவின் துப்பாக்கியைக் கேட்டேன். ஒப்படைத்த ரசீது இருக்கிறதா என்றார்கள். ரசீதும் அன்றைக்குக் கீழேதான் கிடந்திருக்கிறது.

தோட்டாக் கணக்கன் | அடுத்த ஞாயிறு, இரவு 8:35

பயப்படாதீர்கள். தாத்தாவின் பழைய லைசென்ஸ் புத்தகத்தில் துப்பாக்கி எண் இருக்கும், ஸ்டேஷன் பதிவேட்டிலும் அதே எண் இருக்கணும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழோடு எழுத்தில் மனுக் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள். புத்தகம் இருக்கிறதா?

ஆனையூரான் | அடுத்த ஞாயிறு, இரவு 8:37

இருக்கிறது. அம்மா பூஜை அறையில் மேல்தட்டில் வைத்திருந்தார்கள். நகல் எடுத்து இப்போதே பையில் போடுகிறேன்.